நீல வண்டைக் கொத்தாத காக்கா

எங்கள் திரையில் பறந்த பறவைக்குக் காக்கா என்று பெயர் வர அதன் லட்சணம்தான் காரணம். என் கணவன் வரைந்தது பருந்து. அப்படித்தான் கடைசி வரைக்கும் சாதித்தான். எங்கள் பட்டறைத் தச்சர் அண்ணன் அதைப் பார்த்த அன்றே, "காக்காவ நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்று மனதாரப் பாராட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பட்டறையில் அவனுக்கே காக்காக்காரர் என்று பெயராகிவிட்டது.

குழந்தைகளுக்கான ஓர் அறிவியல் கூடத்தின் பின்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. முன்பக்கம் எல்லாம் கண்ணாடியும் வெளிச்சமும். பின்பக்கம் மரத்தூள், பெயிண்ட் வாடை, ஜன்னலோரம் எங்கள் இருவருடைய கணினிகள். கூடத்தில் புதிதாகத் திறக்கப்போகும் அறைக்கு, உயிர்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறுகின்றன என்று காட்டும் ஒரு திரை விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். வண்டுகள் பிறப்பதும் பெருகுவதும் என் பொறுப்பு. அவற்றைத் தின்பது அவன் பொறுப்பு.

விளையாட்டு ரொம்பச் சுலபம். குழந்தை முதலில் தரையைத் தேர்ந்தெடுக்கும்: மணல், புல், மரப்பட்டை. பிறகு தனக்குப் பிடித்த நிறங்களில் வண்டுகளை அள்ளிப் போடும். காக்கா வந்து, கண்ணில் பளிச்சென்று படுவதைக் கொத்தும். மாட்டாமல் தப்பித்தது குட்டி போடும். குட்டி தாயைப் போலவே இருக்கும், சிலவற்றுக்கு நிறம் மட்டும் ஒரு இழை பிசகியிருக்கும். நான் நிரலில் எழுதியது அவ்வளவுதான். மணல் நிறத்துக்கு மாறிக்கொள் என்று எந்த வண்டின் காதிலும் நான் ஓதவில்லை. ஆனாலும் ஓடவிட்டுப் பார்த்தால் மணல் தரையில் கடைசியில் மணல் நிற வண்டுகள்தான் மிஞ்சும். தனியாக ஒரு வண்டு மாறுவதே கிடையாது. பிறந்த நிறத்தோடு சாகிறது, அல்லது பிறந்த நிறத்தோடு பிழைத்துப் பிள்ளை பெறுகிறது. இவ்வளவு பெரிய விஷயம் இத்தனை சின்னக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறதே என்று எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

எதையாவது திருத்தியதும் ஓட்டிப் பார்ப்போம். அதில் எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. என் பங்குக்கு ஒரு வண்டு, அவன் பங்குக்கு ஒரு வண்டு. யாருடைய வம்சம் முதலில் அழிகிறதோ அவர் எழுந்துபோய்ப் பட்டறை முழுவதற்கும் டீ போட வேண்டும். அவனுடையது மஞ்சள். என்னுடையது நீலம், நிறத்தட்டில் மூன்றாவதாக இருக்கும் அதே நீலம், எப்போதும். நான் ஒருநாளும் தோற்றதில்லை.

ஒருநாளும் தோற்கவில்லையென்றால் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒருத்தி என்ன செய்திருக்க வேண்டும்? சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் அதற்கு ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். இயற்கையில் நீல நிறத் தீனி அபூர்வம், நிஜப் பறவைகளின் பழக்கத்தை வைத்து நீ காக்காவுக்குக் கண் எழுதியிருக்கிறாய், அதனால் அதற்கு நீலத்தில் நாட்டம் குறைவு என்று அவனுக்கே வகுப்பு எடுத்தேன். முகத்தை மிகவும் பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்பான்.

"அப்படியா! டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பான். பிறகு டீ போடப் போவான்.

ஒருநாள் பல்வலி என்று மாத்திரை வாங்கப் போனவன் மருந்துக்கடை வாசலிலேயே சரிந்தான். பல் இல்லை, நெஞ்சு. வலி தாடைக்கு ஏறியிருந்ததாம். எனக்குச் செய்தி சொன்ன கடைக்காரர் போனில் அழுதார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றுமே வரவில்லை. அழுகை வராததில் மற்றவர்களுக்குத்தான் சங்கடம். அக்கா தினமும் போன் செய்வாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

யோசிக்க வேண்டியிருக்கும். "ஒரு தடவ அழுதுடுடி, இப்படி உள்ளயே வச்சிருக்காத" என்பாள். உள்ளே எதையாவது வைத்திருந்தால்தானே எடுத்து வெளியே போடுவதற்கு? குளித்தேன், வேலைக்கு வந்தேன், பொத்தான் அறுந்த சட்டையைத் தைத்தேன். பட்டறையில் டீ போடுவது நின்றுபோயிற்று. தச்சர் அண்ணன் வெளியே இருந்து காகிதக் கோப்பையில் வாங்கிவந்து மேஜையில் வைப்பார். ஆடை படிந்ததும் எடுத்துப் போவார்.

அறை திறப்பதற்கு முந்தின வாரம், கூடத்தை நடத்தும் மேடம் பட்டறைக்கு வந்தார். கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால் தேவலை.

"திரைய நேத்து நானே விளையாடிப் பார்த்தேன்மா. மணல் தரை. எல்லா நிறமும் போட்டேன். கடைசில மொத்தமும் நீலம். மணல்ல நீல வண்டு பளிச்சுனு தெரியுது, அது மட்டும்தான் இருக்கு. இதப் பார்த்துட்டுப் போற குழந்த என்ன கத்துக்கும்?"

"பார்க்கிறேன் மேடம்."

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா சரியா வரலைன்னா திரைய எடுத்துட்டு அந்த இடத்துல படப்பலகை மாட்டிடுவேன். தப்பானதக் காட்டுறதுக்கு ஒண்ணும் காட்டாம இருக்கலாம்."

அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காக்கா அவன் கடைசியாகச் செய்த பொருள். அது அந்தச் சுவரில் இல்லையென்றால் வேறெங்கும் இல்லை. இது எனக்குத் தெரிந்தது, யாருடைய வீட்டுச் செய்தியோ போல.

தப்பு என் பக்கம் என்றே தேடினேன். குட்டிகளுக்கு நிறம் போகும் கணக்கைக் குடைந்தேன், மண்டை காய்ந்தது. சிவப்பைப் போட்டால் சரியாக அழிகிறது. பச்சை சரி. மஞ்சள் சரி. நீலம் மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. கடைசியில் மணல் தரையில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, குட்டி போடும் கணக்கையும் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு நீல வண்டை நட்டநடுவில் வைத்துக் காக்காவை அவிழ்த்துவிட்டேன்.

சுற்றியது. தாழ்ந்தது. வண்டுக்கு மேலேயே வந்தது. தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி திருப்பியது. பசியில் வேகம் குறைந்தது, இறகு தொங்கியது. வண்டு அதன் காலடியிலேயே நிதானமாக ஊர்ந்துகொண்டிருந்தது. காக்கா பட்டினி கிடந்து செத்தது.

அவன் எழுதிய பகுதியைத் திறந்தேன். காக்காவின் கண்ணில் ஒரே ஒரு வரி: இந்த நீலம் என்றால் பார்க்காதே.

இத்தனை நாளாக என் காதில் பூ சுற்றியிருக்கிறான். நான் தத்துவம் பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே டீ போட்டிருக்கிறான். அந்த நாட்டம், அந்த அபூர்வம், நான் எடுத்த வகுப்புகள்! கோபம் வந்தது. "ஏமாத்துக்காரா" என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். அவன் போன பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். வந்த வேகத்திலேயே வடிந்தும் போயிற்று. திட்டு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மேடத்திடம் காரணத்தைச் சொன்னேன், யார் செய்தது என்பதையும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் வரிய தொடணும்னு இல்லமா. நிறத்தட்டுல அந்த நீலத்த மட்டும் எடுத்துடுங்க. குழந்தைங்களுக்கு மத்த நிறம் போதும். அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்."

நல்ல மனது அவருக்கு. நல்ல வழியும்கூட. நீலத்தை மறைத்துவிட்டால் காக்கா சுவரில் இருக்கும், அவன் வரி காக்காவுக்குள் இருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. அதைச் செய்யத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் கடைசியாக ஒரு முறை நீலத்தை ஓடவிட்டுப் பார்த்தேன்.

திரை நிறைய ஒரே நீலம். குட்டிகள் பிசகிப் பிறக்காமல் இல்லை. சில கொஞ்சம் பச்சையோடு, சில கொஞ்சம் சாம்பல் ஏறி. ஆனால் பிசகியது அவன் எழுதிய அந்த நீலம் இல்லை. அதனால் காக்காவுக்கு அது தெரிந்தது. பிறந்த உடனே கொத்திவிட்டது. இழைகூட மாறாதது மட்டும் பத்திரமாக இருந்தது. எத்தனை தலைமுறை போனாலும் முதலில் போட்ட அதே வண்டு.

என் நிலைமையும் இதுதான் என்று எனக்குப் பட்டது. மாதக்கணக்காக அதே சட்டை, அதே பதில், அதே நாற்காலி. எதுவும் என்னைத் தொடவில்லை. பத்திரமாகத்தான் இருந்தேன், அவன் ஆசைப்பட்டபடியே. ஆனால் அதற்குப் பிழைத்திருப்பது என்று பெயர் இல்லை, என் தொழிலில்.

அந்த வரியை அழித்தேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு வழக்கப்படி ஓட்டினேன். மணல் தரை. என் பங்குக்கு நீலம், அவன் பங்குக்கு மஞ்சள். காக்கா ஒரு சுற்றுச் சுற்றியது, நேராக வந்து என் வண்டைக் கொத்தியது. அதற்குள் அது போட்டிருந்த குட்டிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. ஒரு மிடறு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நீலம் திரையில் இல்லை. மஞ்சளிலும் பாதிக்கு மேல் போயிற்று. மிஞ்சிய சிலவற்றில் பழுப்பு லேசாக ஏறியது, அப்புறம் இன்னும் கொஞ்சம். வெகுநேரம் கழித்து மணல் ஊர்வது போல அவனுடைய வண்டுகள் ஊர்ந்தன. விளையாட்டு சரியாகிவிட்டது.

நான் எழுந்தேன். பந்தயம் பந்தயம்தான்.

பட்டறை அடுப்படிக்குப் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அங்கே எது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. வெளியே போய் வாங்கிவந்த பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் ஆணி, ஒன்றில் பசை. சத்தம் கேட்டுத் தச்சர் அண்ணன் இழைப்புளியைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

"என்ன தேடுற தங்கச்சி?"

"டீத்தூள் எங்கண்ணே இருக்கு?"

மேல்தட்டில் பின்பக்கமாக இருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "உனக்கு எதுக்கு இப்ப?"

"டீ போட. நான் தோத்துட்டேன்."

அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "நீ தோக்கவா? அவரு விடமாட்டாரே" என்றார்.

தெரிந்திருக்கிறது. பட்டறைக்கே தெரிந்திருக்கிறது.

"அவர் இல்லண்ணே" என்றேன்.

அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைக்காரர் சொன்னார், அக்கா சொன்னாள், மேடம் சொல்லாமல் சொன்னார். நான் எல்லோருக்கும் தலையாட்டியதோடு சரி. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தச்சர் அண்ணன் எட்டி அடுப்பை அணைத்துவிட்டு, நான் அழுது முடிக்கும் வரை அங்கேயே நின்றார்.