வயிற்றுவலி வந்த நாற்பது பேர்

வியாழக்கிழமை என்னை எஸ்டேட் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நான் சதி செய்ததாக ஒரு தாளில் எழுதிவைத்து, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். போட்டால் மன்னிப்பு. போடாவிட்டால் வேலையும் போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். பிளஸ் டூ படிக்கிற மகள் நிமியோடு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில், என்னோடு கொழுந்தெடுக்கிற ஆனந்தி ஒரு சேதி சொன்னாள். ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் இரண்டு நாளாக ஒற்றை யானை நிற்கிறதாம். வனத்துறை வாச்சர் மேனேஜருக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். ஆனால் மறுநாள் நாங்கள் கொழுந்தெடுக்கப் போகவேண்டியதும் அதே ஏழாம் நம்பர்தான். கொழுந்து முற்றிவிடுமாம். எங்கள் உயிர் போனால் பரவாயில்லை போலும்.

"போமாட்டோம்னு சொன்னா முன்னால நிக்கிற நாலு பேரச் சஸ்பெண்ட் பண்ணுவாங்க" என்றாள் ஆனந்தி.

"யாரு சொல்லப்போறா? காலையில நாப்பது பேருக்கும் வயித்துவலி வரட்டும்" என்றேன்.

வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிரிப்பை அடக்கி அடக்கி எனக்கு நிஜமாகவே வலித்தது. பத்து மணிக்கு அந்த யானை ஏழாம் நம்பரில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையை மிதித்துச் சப்பையாக்கியது. உள்ளே யாரும் இல்லை. இதற்குத்தான் சதி என்று பேர் வைத்திருந்தார்கள்.

"நான் பண்ணுனது தந்திரம் சார். பொய் சொன்னேன், அதுக்கு ஞாயித்துக்கிழம சர்ச்சுல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடுவேன். சதி பண்ணல."

"ரெண்டும் ஒண்ணுதான் கத்தரீனா. தாள்ல ஒப்பு போடு."

"எப்படி சார் ஒண்ணாகும்? கோழியக் கூட்டுல அடைக்கத் தவிடு போடுறது தந்திரம். கழுத்தத் திருகத் தவிடு போடுறது சதி."

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"சரி. நாம ரெண்டு பேரும் இப்ப ஏழாம் நம்பர் வரைக்கும் நடந்து போயிட்டு வருவோம். வந்ததும் போடுறேன்" என்றேன்.

"விளையாடுறியா? அங்க ஆனை நிக்கிது."

"அது உங்களுக்கு என்னைக்கிருந்து சார் தெரியும்?"

பக்கத்து மேசையில் இருந்த கிளார்க் ஜிபி தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரிஞ்சுக்கிட்டே நாப்பது பொம்பளைங்கள அங்க அனுப்பப் பாத்தீங்க. அதுக்குப் பேருதான் சார் சதி."

தாளில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே தந்திரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரிடம் கொடுக்காமல் வெளியே எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் காத்திருந்த ஆனந்தி முதலில் போட்டாள். பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து போட்டார்கள். இடம் போதாமல் பின்பக்கத்திலும் போட்டார்கள். கடைசியில் ஜிபியிடம் கொடுத்து ஃபைலில் வைக்கச் சொன்னேன்.

நான்கு நாளாகிவிட்டது. வேலைநீக்க உத்தரவு இன்னும் வரவில்லை. வருவதானால் நாற்பதாக வரட்டும்.