பதினாலாம் குறிப்பு

முதல் முறையாகச் சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கான முப்பத்தொரு குறிப்புகளை எழுதியவர், தன் ஐம்பத்தெட்டாவது வயது வரை ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை. பயண அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் சொல்லிக் காட்டியதில்லை. "குறிப்பு சார்" என்று கூப்பிட்டு, தபாலில் வரும் புகார்க் கடிதங்களை அவர் மேசையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

அந்தக் கடிதங்கள்தான் அவருடைய கடல். பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிட்டது, மாத்திரையெல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டது என்று ஒருவர் பொரிந்து தள்ளியதில் மூன்றாம் குறிப்பு பிறந்தது: 'மாத்திரை, மாற்றுத்துணி, மூக்குக்கண்ணாடி மூன்றையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவும்.' நடுக்கடலில் நின்று மருமகளோடு மணிக்கணக்காகச் சண்டை போட்ட ஒரு மாமியார், ஊர் திரும்பி போன் பில்லைப் பார்த்ததும் படுத்த படுக்கையானார். அது ஒன்பதாம் குறிப்பு: 'கப்பல் கிளம்பியதும் போனை அணைத்துவிடவும்.' இப்படி இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் பட்ட பாட்டையெல்லாம் நம்பர் போட்டு அடுக்கியிருந்தார்.

முப்பது குறிப்புகளுக்குப் பின்னால் முப்பது கடிதங்கள் உண்டு. பதினாலுக்குப் பின்னால் மட்டும் ஒன்றும் கிடையாது. எட்டு வருடத்துக்கு முன்னால், புகார் எழுதியவர் கடைசி நேரத்தில் சமாதானமாகிவிட, பதினாலாம் எண்ணுக்கு எதிரே இடம் வெள்ளையாகக் கிடக்கிறது, மெஷின் காத்திருக்கிறது, ஏதாவது சொல்லுங்கள் என்று அச்சகத்திலிருந்து போன் வந்தது. குறிப்பு சார் அப்போது சுவரைப் பார்த்துப் போட்ட தன் மேசையில் டிபன் டப்பாவைத் திறந்து முதல் கவளத்தை வாயில் போட்டிருந்தார். பக்கத்து அறையில் மற்றவர்கள் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு கேட்டது. தான் போய் உட்கார்ந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடுமோ என்று, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு ஒரு சந்தேகம்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "எழுதிக்குங்க. 'தனியாக வருபவர்கள், சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவருக்கான சிறிய மேசையை ஜன்னலோரம் கேட்டு வாங்கிக்கொள்ளவும். யாருக்கும் தொந்தரவு இல்லாமல், கடலைப் பார்த்தபடி நிம்மதியாகச் சாப்பிடலாம்.'"

முப்பத்தொன்றில் சொந்தச் சரக்கு அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்ற அன்று அலுவலகம் அவருக்கு ஒரு மாலையும், விற்காமல் மிஞ்சிப்போன ஒரு கப்பல் அறையும் கொடுத்தது. நாலு ராத்திரிப் பயணம், இரண்டு பேர் தங்கும் அறை. கல்யாணம் என்ற ஒன்று பேச்சுவார்த்தையோடு நின்றுபோனவர் ஆதலால், வெளியூரில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டார். அவளும் சரியென்றாள். அன்றிலிருந்து குறிப்பு சார் மனதுக்குள் ஒரே ஒரு காட்சியை ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி விரித்த மேசை. எதிரே அக்கா. உப்பு கம்மி, வெந்தது பத்தாது என்று அவள் குறை சொல்லச் சொல்ல இவர் தலையாட்டிக்கொண்டு சாப்பிடுகிறார். தீவு, நீச்சல் குளம், நடனம் எதுவும் வேண்டாம். எதிரே ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிட வேண்டும். அவர் அந்தப் பயணத்திடம் கேட்டது அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, நல்லா யோசிச்சுப் பாத்தேன்டா. எனக்கு வாளித் தண்ணியே போதும். நீ போயிட்டு வா."

"அக்கா, அது ரெண்டு பேர் ரூம்."

"அப்ப கையக் கால நல்லா நீட்டிப் படு. வேளா வேளைக்குச் சாப்பிடு."

குறிப்பு சார் தனியாகக் கப்பல் ஏறினார். கைப்பையில் ஒரு குடையும் தன் குறிப்புத் தாளும் இருந்தன. மாத்திரையும் மாற்றுத்துணியும் பெட்டியோடு போய்விட்டன. மூன்றாம் குறிப்பு பயணிகளுக்காக எழுதியது. எழுதியவரையும் அது கட்டுப்படுத்தும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அறையில் இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு தலையணை, தலையணைக்கு ஒன்றாக இரண்டு சாக்லேட். துண்டுகளை முறுக்கி மடித்து இரண்டு அன்னங்களை மூக்கோடு மூக்கு வைத்து உட்கார வைத்திருந்தார்கள். அறையைக் கவனித்துக்கொள்ளும் பெண்மணி கையில் இருந்த பட்டியலில் அக்காவின் பெயர் இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது.

"மேடம் மேல போயிருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் வரவில்லை, வேறு யாரும் இல்லையா என்று பேச்சு வளருமே என்று, "ம்" என்று சொல்லிவைத்தார். அந்த ஒரு எழுத்துக்காக நாலு நாளும் உழைக்க வேண்டியதாயிற்று. காலையில் எழுந்ததும் இரண்டாவது தலையணையைக் குத்திக் கசக்குவார். இரண்டாவது ஜோடிச் செருப்பைக் கொஞ்சம் கோணலாகத் தள்ளிவைப்பார். இரண்டாவது சாக்லேட்டையும் தின்பார். ஒரு சின்னப் பொய்யைக் காப்பாற்ற மனிதன் எவ்வளவு இனிப்பு தின்ன வேண்டியிருக்கிறது என்று யோசித்தபடி சர்க்கரை மாத்திரையை விழுங்குவார்.

முதல் நாள் சாயங்காலம், வியர்த்த சட்டையோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். வாசலில் நின்ற மேசைக்காரர் பட்டியலைப் பார்த்து மலர்ந்தார்.

"உங்க ஆபீஸ்லயே எழுதி அனுப்பிட்டாங்க சார். தனி ஆள், ஜன்னலோரம், சின்ன மேசை. வாங்க."

அக்கா வரவில்லை என்று தெரிந்ததும், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் பொறுப்பாகப் பதினாலாம் குறிப்பைச் செயல்படுத்தியிருந்தாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவரே குறிப்பு சார்தான்.

ஜன்னலோரம் நாலு குட்டி மேசைகள், ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மேசைக்கு ஒரே நாற்காலி. எதிர் நாற்காலிகளையெல்லாம் பெரிய குடும்பங்கள் இழுத்துக்கொண்டு போயிருந்தன. நாலு பேரும் ஒரே திசையைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். குறிப்பு சாருக்குக் கடைசி மேசை. அவருக்கு முன்னால் ஒரு பெண்ணின் பிடரி, நரைத்த கொண்டை, அதில் நீலக் கிளிப். அதற்கு முன்னால் ஒரு வழுக்கை. அதற்கும் முன்னால் ஒரு தடித்த கழுத்து. ஜன்னலில் கடல் தெரியவில்லை. வெளியே தொங்கிய உயிர்காக்கும் படகின் ஆரஞ்சு நிற வயிறுதான் கண்ணாடி முழுக்க அடைத்துக்கொண்டு தெரிந்தது.

இரண்டாம் நாள் முடிவதற்குள் அந்தக் கொண்டையை அவர் மனப்பாடம் செய்துவிட்டார். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். சூப் பிடிக்காவிட்டால் தோள் ஒரு தடவை ஏறி இறங்கும். சொந்தப் பிடரியைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அதற்கு வசதியும் இல்லை.

மூன்றாம் நாள் மேல்தளத்தில் அந்தக் கொண்டை ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தது. மடியில் அவர் எழுதிய குறிப்புத் தாள். நாலாக மடித்து, சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. குறிப்பு சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது… உபயோகமா இருக்கா மேடம்?"

கொண்டையின் முன்பக்கத்தில் வட்டமான, களைத்த முகம். "வரிக்கு வரி அப்படியே செஞ்சுட்டு வர்றேன் சார். முப்பது வருஷம் நர்ஸா இருந்தேன். எழுதிக் குடுத்ததை அப்படியே செஞ்சுதான் பழக்கம்."

"அந்தப் பதினாலு?"

"அதத்தான் மொதல்ல செஞ்சேன். வார்டுல நின்னுகிட்டே சாப்பிட்டவ நான். கப்பல்லயாவது நாலு பேரோட உக்காந்து சாப்பிடலாம்னு நெனச்சுத்தான் வந்தேன். ஆனா அனுபவப்பட்டவர் சொல்றாரே, மீறலாமா?" அவள் தாளைத் தட்டினாள். "எழுதின மனுசனுக்குப் பெரிய குடும்பம்போல. வீட்ல எப்பப் பாத்தாலும் கூட்டம், கூச்சல். அதான் தனியாச் சாப்பிடறது அவருக்குச் சொர்க்கமாத் தெரிஞ்சிருக்கு. பாவம்."

குறிப்பு சார் கடலைப் பார்த்தார். மூன்று நாளில் அன்றுதான் கடல் முழுதாகத் தெரிந்தது. அன்று பார்த்து அவருக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"இருக்கும்," என்றார். வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மேசைக்காரரிடம் மெதுவாக விசாரித்தார்.

"முன்னல்லாம் தனியா வர்றவங்களுக்குன்னே ஒரு வட்ட மேசை இருந்துச்சு சார்," என்றார் அவர். "எட்டு பேர் உக்காரலாம். ஒரே கலகலப்பு. அப்புறம் எல்லாரும் ஏதோ ஒரு தாளைக் காட்டி, சின்ன மேசைதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்க ஆரம்பிச்சாங்க. இப்ப அத யாரும் கேக்கறதில்ல. அதோ, காலியாத்தான் கெடக்கு."

"இப்பவும் உக்கார வைக்கலாமா?"

"தனியா இருக்கணும்னு எழுதிக் குடுத்தவங்கள நாங்க போய் எழுப்பக் கூடாது சார். நீங்க வேணா கேட்டுப் பாருங்க."

கேட்பது என்றால் எழுந்து போக வேண்டும். சாப்பிடுகிற ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டும். தொந்தரவு கொடுக்க வேண்டும். அன்று சூப் வந்தது, ஆறியது, போயிற்று. குறிப்பு சார் நாற்காலியை இரண்டு முறை பின்னால் தள்ளினார். இரண்டு முறையும் திரும்ப இழுத்துக்கொண்டார். அறைக்குப் போனால் அன்னங்களுக்குப் பதிலாக இரண்டு முயல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. துணியில் செய்த முயலுக்குக்கூட எதிரே ஒரு முகம் இருந்தது.

நாலாம் நாள், கடைசிச் சாப்பாடு. ரொட்டி வைப்பதற்குள் எழுந்துவிட்டார். யோசிக்க நேரம் கொடுத்தால் கால் பேச்சைக் கேட்காது என்று தெரிந்துவிட்டது. நர்ஸ் மேசைக்கு எதிரே, நாற்காலி இல்லாத இடத்தில் போய் நின்றார். வகுப்பில் வாத்தியார் எழுந்து நிற்கச் சொன்ன பையன் மாதிரி இருந்தது.

"மேடம், பதினாலாம் குறிப்பு தப்பு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அத எழுதினது நான்தான்."

அவள் கரண்டியை வைத்தாள். "அப்ப நீங்க எத்தன தடவை கப்பல்ல…"

"இதான் மொதல் தடவை. எனக்குப் பெரிய குடும்பமும் இல்ல. ஒரு அக்கா. அவங்களும் வரல. அந்தக் குறிப்பு, ஆபீஸ்ல தனியாச் சாப்பிட்டுகிட்டு இருந்தப்ப சொன்னது. அங்க வட்ட மேசை ஒண்ணு காலியா இருக்கு. நான் போய் உக்காரப்போறேன். நீங்களும் வந்தா… வரணும்னு கட்டாயம் இல்ல."

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு வட்ட மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் குறிப்பு சார் நாலு தடவை தன் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார், மனதுக்குள்.

"ஏன் சார், நேத்தே சொல்லியிருந்தா ஒரு வேளைச் சாப்பாடாவது மிச்சம் ஆயிருக்குமே," என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

வழுக்கைத் தலைக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இவர்கள் கேட்டு முடிப்பதற்குள் கைக்குட்டையை உதறி மடித்துவிட்டார். "நாலு நாளா யாராவது வந்து கூப்பிடுவாங்களான்னு பாத்துகிட்டே இருந்தேன். பேச ஆளில்லாம லிஃப்டுலயே ஏறி எறங்கிட்டு இருக்கேன். மூணாவது லிஃப்டுல கதவு இழுக்குது, யாருகிட்ட சொல்றது?"

தடித்த கழுத்துக்காரர் மட்டும் அசையவில்லை. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். "இருபத்தஞ்சு வருஷமா பக்கத்து சீட்ல ஒருத்தன வச்சுகிட்டு உயிரக் கையில புடிச்சிருக்கேன் சார். கப்பல் ஆடினாக்கூட என் கால் பிரேக்கத் தேடுது. எனக்குப் பக்கத்துல யாரும் வேணாம். உங்க பதினாலு எனக்கு வேதம்."

ஆக, உலகத்தில் ஒருவருக்காவது அந்தக் குறிப்பு சரியாக இருந்தது. குறிப்பு சாருக்கு அது ஒரு சின்ன ஆறுதல்.

எட்டுப் பேர் மேசையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஐந்து நாற்காலி காலி. முதலில் உப்பு ஜாடியை இப்படியும் அப்படியும் தள்ளினார்கள். கடைசியில் நர்ஸ் கைப்பையிலிருந்து தாளை எடுத்து மேசை நடுவில் விரித்தாள். "சரி, ஆள் கையில கெடச்சிட்டாரு. ஒண்ணுல இருந்து வருவோம்."

அதன்பின் பேச்சு நிற்கவில்லை. ஐந்தாம் குறிப்பை நம்பிக் கம்பளி கொண்டுவந்து வெந்துபோன கதையை மெக்கானிக் சொன்னார். அறை எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளச் சொன்ன இருபதாம் குறிப்பு, கை கழுவினால் அழிந்துபோகிறதே என்று நர்ஸ் கேட்டாள். தூரத்திலிருந்து வாத்தியார் குரல் வந்தது: "நான் அங்க வரல. ஆனா பதினேழு அநியாயம் சார், அதையும் சேத்துக்குங்க." பார்த்தால், மேசையை விட்டுக்கொடுக்காமல் நாற்காலியை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்.

குறிப்பு சார் திட்டு வாங்கிக்கொண்டே சாப்பிட்டார். மீன் வெந்தது பத்தவில்லை. அதை நர்ஸ் சொன்னபோது தலையாட்டினார். அப்புறம் அவள் சிவப்புப் பேனாவை வாங்கி, அவள் தாளில் பதினாலை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினார்: 'தனியாக வருபவர்கள் வட்ட மேசையைக் கேட்கவும். முதல் நாளே கேட்கவும்.'

மறுநாள் காலை இறங்குகிறவர்களை வண்ணச் சீட்டு வாரியாகக் கூப்பிட்டார்கள். அவருக்குப் பச்சை, அதாவது கடைசி. மஞ்சள் வரிசை நகர்ந்தபோது கூட்டத்தில் நீலக் கிளிப் போட்ட கொண்டை தெரிந்தது. அத்தனை தலைகளில் அது ஒன்றை அவரால் எந்தத் தூரத்திலிருந்தும் கண்டுபிடிக்க முடியும். போன் நம்பர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்கு இன்னும் நாலு ராத்திரி வேண்டியிருந்திருக்கும் அவருக்கு. கொண்டை படியிறங்கி மறைந்தது.

உட்கார்ந்து, கப்பல் கிளம்பியதும் அணைத்த போனை இயக்கினார். நாலு நாளில் வந்தவை மொத்தம் நாலு செய்திகள், நாலும் அக்காவிடமிருந்து, நாலிலும் ஒரே வார்த்தை: 'சாப்டியா?'

'சாப்டேன்' என்று பதில் தட்டினார். அனுப்புவதற்கு முன் ஒரு முறை படித்துப் பார்த்தார். புளுகு இல்லை, ஆனாலும் போதவில்லை. சேர்த்து எழுதினார்: 'நேத்து மூணு பேராச் சாப்டோம். மீன் வேகவே இல்ல.'