ஃபெஸ்டியின் கேட்

ஓவன் கோகனின் சவப்பெட்டியை சைக்கிளில் கட்டி இழுத்துக்கொண்டு போவதென்று மகள் டெர்வ்லா சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. அயர்லாந்தின் மேயோ பக்கம் சாவு வீட்டுக்குள் யாரும் எதையும் மறுப்பதில்லை. வாசலுக்கு வந்து பேசிக்கொள்வார்கள்.

ரயில் நின்றுபோன பழைய தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு சைக்கிள் பாதை போட்டிருந்தார்கள். காரும் கிடையாது, லாரியும் கிடையாது. பாதை போகும் நிலமெல்லாம் ஆளாளுக்குச் சொந்தம். அவரவர் மனசு வைத்து வழி விட்டதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஓவனின் பக்கத்து நிலத்துக்காரர் ஃபெஸ்டி மட்டும் மனசை மாற்றிக்கொண்டார். எவனோ டப்ளின்காரன் கேட்டைச் சாத்தாமல் போக, அவருடைய சினைப்பசு மெயின் ரோட்டுக்குப் போய் அடிபட்டுச் செத்தது. பாதைக் கமிட்டிக் கூட்டத்தில், பசுவைக் கட்டிப் போட்டிருக்கலாமே என்றார் ஓவன். அன்றைக்கே கேட்டில் சங்கிலி விழுந்தது. இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. சைக்கிள்காரர்கள் அந்த ஒரு மைல் மட்டும் மெயின் ரோட்டில் சுற்றிப் போனார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அந்த ஒரு மைலில்தான் ஓவனை லாரி அடித்தது.

"அந்த ரோட்டுல மறுபடி அவரைக் கொண்டுபோக மாட்டேன்" என்றாள் டெர்வ்லா. அவள் சொன்னது அவ்வளவுதான்.

துக்கத்துக்கு ஃபெஸ்டியும் வந்தார். வரிசையில் நின்று அவள் கையைக் குலுக்கி, "உன் துக்கத்துக்கு வருந்துறேன்மா" என்றார். டீ குடித்தார், பன்றிக்கறி சாண்ட்விச் இரண்டு சாப்பிட்டார். கேட்டைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவரிடம் உதவி கேட்பது மரியாதையில்லை என்பதால் அவளும் கேட்கவில்லை. சவ ஊர்வலத்துக்கு யாராவது கேட்டைப் பூட்டிவைப்பார்களா என்று ஊரே நினைத்துக்கொண்டது.

காலையில் தூறல். சைக்கிள் வாடகைக் கடை டியர்னன், சுற்றுலாக்காரர் மூட்டைகளை இழுக்கும் வண்டியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். பெட்டி பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

"சட்டப்படி சிவப்புத் துணி கட்டணும்" என்றான் டியர்னன்.

"அப்ப கட்டு."

டெர்வ்லா மிதித்தாள். பின்னால் நாற்பது சைக்கிள். எதிரே வந்த ஜெர்மன் ஜோடி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டது. பழைய ஸ்டேஷன் மேடையைத் தாண்டியதும் கேட் தெரிந்தது. சங்கிலியும் தெரிந்தது.

நாற்பது பேரும் இறங்கினார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஃபெஸ்டி எங்க?" என்றாள் டெர்வ்லா.

"கல்லறைத் தோட்டத்துல" என்றான் டியர்னன். "வழக்கப்படி செத்தவரோட பக்கத்து நிலத்துக்காரர்தானே குழி வெட்டணும். வெட்டின குழியைத் தனியா விட்டுட்டு வர மாட்டார். சாவி அவர் பாக்கெட்லதான் இருக்கும். ரோட்டுக்குத் திரும்பிடலாமா?"

"மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து அவருக்குப் போன முதல் அழைப்பு.

"ஃபெஸ்டி, டெர்வ்லா பேசறேன். கேட்டுக்கிட்ட நிக்கிறோம். அப்பாவோட."

மண்வெட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கேட்டைக் கீல் பக்கமாத் தூக்கும்மா, கழண்டு வந்துடும்" என்றார் ஃபெஸ்டி. "சங்கிலி டப்ளின்காரனுக்கு. யாரும் தூக்கிடக் கூடாதுன்னா மேல் கொக்கியைத் தலைகீழாப் போடுவாங்க. நான் போடலை."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"என்கூட அந்தக் கேட்டை மாட்டினதே உங்கப்பாதான்."

"அப்புறம் ஏன் அவர் தூக்கலை?"

"நான் சொல்லணும்னு இருந்திருப்பார்." "அவரே தூக்கிட்டு வரட்டும்னு நான் இருந்தேன். தினமும் எட்டிப் பார்ப்பேன்."

நான்கு பேர் தூக்கினார்கள். இரும்பு ஒரு முனகலோடு கொக்கியிலிருந்து எழுந்து வந்தது. அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை என்பதுதான் டெர்வ்லாவுக்குத் தாங்கவில்லை. கேட்டை வேலியில் சாத்திவிட்டு, மாடு வெளியே போகாமலிருக்க டியர்னனைக் காவலுக்கு நிறுத்தினார்கள். ஃபெஸ்டியின் மாடுகள் வந்து அவனைச் சுற்றி நின்றுகொண்டன.

கல்லறைத் தோட்டத்தில் ஃபெஸ்டி மண்வெட்டியோடு நின்றார். முழங்கால் வரை சேறு. குழியின் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தன. இரவெல்லாம் செதுக்கியிருப்பார் போல. பாதிரியார் குடைக்குள்ளேயே மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி இறங்கியதும் ஃபெஸ்டி அவளருகே வந்தார்.

"சாயங்காலம் போய் கேட்டை நானே மாட்டிடறேன். பூட்டு இல்லாம."

அவள் தலையசைத்தாள். கை கொடுக்கவில்லை. அவரும் நீட்டவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.