மறந்துபோன மாத்திரை

தம்பி பெட்டியோடு வந்து இறங்கியபோதே அக்காவுக்குப் பொறி தட்டியது. எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஊர் ஊராகச் சுற்றி, போகிற இடமெல்லாம் கடலும் மலையும் தெரிகிற ஜன்னலைப் படம் பிடித்து அனுப்பியவன், திடீரென்று "அம்மாவைப் பார்க்கணும்போல இருந்துச்சு" என்று வாசலில் நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பெட்டியில் துணியைவிட டப்பாக்கள்தான் அதிகம். பச்சைப் பொடி, மஞ்சள் பொடி, மீன் கண் மாதிரிப் பளபளக்கும் மாத்திரைகள். அவை சமையலறை அலமாரியில் ஏறியதில் உப்பும் பருப்பும் தரைக்கு இறங்கின.

பொடி போக மிச்ச நேரமெல்லாம் தத்துவம். எதிலும் ஒட்டாமல் இருக்க வேண்டும், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி, என்பான். ஒட்டாதவன் மூன்று வேளையும் தட்டு வைக்கும் சத்தத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்தான். அக்காவின் வீட்டுக்காரர் அவனுக்குத் தாமரை இலை என்றே பெயர் வைத்துவிட்டார். அவருக்கு எல்லாம் வேடிக்கை. அக்காவுக்கு அப்படியில்லை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னதான் வேலை பார்க்கிறான் என்று கேட்டதற்கு, பல வேலை என்றான். பல வேலை பார்க்கிறேன் என்பவனுக்கு ஒரு வேலையும் இருக்காது என்பது அவள் கணக்கு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அம்மா விஷயத்தில்தான் முடியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. முன்பு ஒரு தடவை மாத்திரையை அலட்சியம் செய்து, சின்னப் புண் ஆறாமல் கால் விரல் ஒன்றையே எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை என்றால் பாதம் தப்பாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இப்போதோ, அக்கா வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அம்மாவின் அறைக்கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே இரண்டு பேர் சிரிக்கிறார்கள். தட்டினால் சிரிப்பு நின்றுபோகிறது. மாத்திரை போட்டாயா என்றால், உன் வேலையைப் பார் என்கிறாள் அம்மா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்தது. பூசணிக்காய் எது என்றுதான் தெரியவில்லை.

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். ஒரு நாள் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கிட்டத்தில் தெரிகிறதா என்று பார்க்கத் தன் போனைத் திறந்தாள். காதுப்பக்கம் இறுக்குகிறது என்று அவள் சொல்ல, சரிசெய்யக் குனிந்த அக்காவுக்கு அந்தப் போனில் தன் அம்மா தெரிந்தாள். தன் வீட்டு நாற்காலி, தன் வீட்டுத் திரைச்சீலை, அம்மாவின் கையில் பச்சைப் பொடி கரைத்த தம்ளர். சர்க்கரை மாத்திரை என்னாச்சும்மா என்று தம்பியின் குரல் கேட்கிறது. அம்மா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள்: "அதையா? மறந்தே போயிட்டேன்டா."

இந்த அம்மாவைத் தினமும் பார்ப்பேன், என்ன தெம்பு பாருங்கள் என்றாள் வந்தவள். அக்கா கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, முதலாளியிடம் தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடினாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவள் காலைத் தூக்கி மடியில் வைத்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்த்தாள். அம்மா காலை இழுத்துக்கொண்டு, தலையணை உறைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். மாத்திரையை அவள் விடவே இல்லை. பொடித் தண்ணீரைத்தான் வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீடியோ எடுத்த அந்த ஒரு நாள் மட்டும் மாத்திரை நிஜமாகவே மறந்துவிட்டது. அவன் கேட்டதும் ஞாபகம் வந்து, அசட்டுச் சிரிப்போடு மறந்துட்டேன் என்றிருக்கிறாள். அது அவனுக்குப் புரியவில்லையோ, புரியாத மாதிரி இருந்துகொண்டானோ, 'மாத்திரையையே மறக்கவைத்த பொடி' என்று தலைப்புப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிவிட்டான்.

"அவனுக்கு வேலை போயிடுச்சுடி. இந்தப் பொடி வித்தாத்தான் சோறு. வந்ததுலேருந்து அன்னிக்குத்தான் மனசுவிட்டுச் சிரிச்சான். அப்படிச் சொல்லலைடான்னு எப்படிச் சொல்லுவேன்?"

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திட்ட வாயெடுத்தவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் சித்தி, அம்மாவின் சொந்தத் தங்கை. பிறந்த வீட்டுச் சீதனம் போல அவளுக்கும் சர்க்கரை உண்டு. ஸ்பீக்கரில் போட்டதும் குரலில் ஒரே உற்சாகம். வீடியோ பார்த்து அவளும் பொடி வாங்கினாளாம், மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாகப்போகிறதாம். கால் மட்டும் கொஞ்சம் மரத்துப்போகிறது, கட்டைவிரலில் ஒரு கொப்புளம். கெட்டதெல்லாம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் சித்தி என்று தம்பியே போனில் தைரியம் சொன்னானாம்.

"அடியே, நான் மாத்திரையை விடவே இல்லடி," என்றாள் அம்மா. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ."

"உன் வாயாலதானேக்கா சொன்னே? உனக்கு நல்லாயிடுச்சு. எனக்கு ஆகக் கூடாதா?"

போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை.

தம்பி வாசற்படியில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மா எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கேமராவைப் போடுடா. நேர்ல சொன்னா நம்ப மாட்டா. அதுல சொன்னாத்தான் நம்புவா."

அவன் ஸ்டாண்டை விரித்தான், விளக்கைப் போட்டான். பிறகு விளக்கை அணைத்தான்.

"இருக்கிற சரக்கு போகட்டும்மா," என்றான் மெதுவாக. "அடுத்த வாரம் எடுத்துடலாம்."

அதுவரை அக்காவுக்கு அவன்மேல் இருந்தது வெறும் சந்தேகம்தான். அவள் தன் போனை எடுத்து அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அம்மா போனைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.