முதலில் வீட்டுத் துணி

சலவைக்கடைக்காரர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் போலப் பறந்தார். துணிக்கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டால் ஊழியர் சீருடை மொத்தத்தையும் தருவதாகப் பெரிய ஹோட்டல் ஒன்று சொல்லியிருந்தது. மனைவியின் அண்ணன் பார்கோடு மிஷினோடு வந்து இறங்கியிருந்தார்.

"இன்னையோட துணியில அடையாளத்துக்கு மைக்குறி போடுறத நிறுத்திருவோம்," என்றார் கடைக்காரர்.

"ஒரு வாரம் நம்ம வீட்டுத் துணிய மட்டும் இதுல போடுவோம்," என்றாள் மனைவி.

"உங்க தங்கச்சிக்கு நிழலப் பாத்தாலும் பயம், மச்சான்."

"நம்ம துணி மாறுனா வீட்டுக்குள்ள சண்டை. ஹோட்டல் துணி மாறுனா கடையே போயிரும். எது வேணும்?"

கடைக்காரர் வீட்டுத் துணி மூட்டையை இழுத்து அவிழ்த்தார்.

வாரம் முடியுமுன்பே ஹோட்டல் மேலாளர் கூப்பிட்டுவிட்டார். குளித்துவிட்டு ஓடிவந்த கடைக்காரர் இஸ்திரி மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார். துணிகளில் குத்தியிருந்த பார்கோடு சீட்டெல்லாம் கரிக்கட்டையாக இருந்தது. சூடு பட்டால் கறுக்கும் பில் தாள் அது. இஸ்திரிப் பெட்டி பட்டதும் முழுக்கக் கறுத்துவிட்டது. மிஷின் எதையும் படிக்க மறுத்தது. குவியலில் இருந்ததெல்லாம் கறுப்புப் பேண்ட். எது யாருடையது என்று தெரியாமல் கைக்கு வந்ததை மாட்டினார். மச்சானுடையது. இடுப்பில் இன்னொருவர் நுழையலாம். பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"எல்லாம் ரெடியா?" என்றார் மேலாளர்.

'ரெடி' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் வேலை கையில். ஆனால் அந்தக் கறுத்த சீட்டுகள் இந்த ஹோட்டல் சீருடைகளில் தொங்கியிருந்தால்?

"இல்லைங்க." சட்டையைச் சற்றுத் தூக்கி, பேண்ட்டின் இடுப்புச் சுருக்கங்களைக் காட்டி, நடந்ததைச் சொன்னார்.

மேலாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுத் துணியில பாக்கலாம்னு யாருக்குத் தோணுச்சு?"

"என் வீட்டம்மாவுக்குங்க." குரலில் தானாகவே பெருமை ஏறியது.

"சமையல்காரங்க கோட்ட மட்டும் இப்ப எடுத்துக்குங்க. மைக்குறியே போடுங்க. மிஷின் உங்க வீட்டுல பாஸாகட்டும், மிச்சத்தத் தர்றேன்."

கடைக்குத் திரும்பியபோது மனைவி துணிப்பட்டையில் அச்சடித்த புதுச் சீட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அவர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். "உன்னாலதான் தப்பிச்சோம்."

அவள் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கோடுகள் அப்படியே இருந்தன.

"இன்னும் வெந்நீர்ல போட்டுப் பாக்கணும்," என்றாள். "மொதல்ல அந்தப் பேண்ட்டக் கழட்டுங்க. அண்ணன் துண்டோட உக்காந்திருக்கு."