பக்கத்து நிரை

அந்த விளையாட்டில் கோட்டைக்குள் போக ஐந்நூறு மரம் வெட்ட வேண்டும். அதில் கதையுமில்லை, சண்டையுமில்லை. சலித்தவர்கள் பாதியில் நிற்பார்கள். கோட்டையில் கூட்டம் சேராது; கம்பனிக்கு வேண்டியதும் அதுதான். அந்த எண்ணைக் கூட்டிக் குறைப்பதுதான் தயாபரனின் வேலை. கொழும்புக் கம்பனிக்காக, அப்புத்தளையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்தே செய்தான்.

ஓர் ஆட்டக்காரருக்கு மட்டும் சலிக்கவில்லை. பெயர் பனிப்பூ. எண்ணை ஆயிரமாக்கினான். பனிப்பூ அதையும் நெருங்கிவிட்டது.

கம்பனியிலிருந்து நளீரா அழைத்தாள்.

"தயா, அது மனுசன் இல்ல. மெஷின விட்டு வெட்டுறாங்க. இன்னைக்கே எக்கவுண்ட அழிச்சிருங்க."

"மனுசனா இருந்தா, மிஸ்?"

"மனுசனுக்கு ஏது இவ்வளவு பொறுமை? நிரூபிங்க, விட்டுர்றேன். பின்னேரம் வரைக்கும்தான்."

அழித்தால் பனிப்பூ வெட்டியதெல்லாம் வீண். தயாபரன் அதன் ஆட்டத்தைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தான். கொழுந்தெடுத்துவிட்டு மலையிலிருந்து வந்த அம்மா ஜெயலெட்சுமி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்தபடி பின்னால் வந்து நின்றாள்.

"யாருடா இவ?"

"ஆளா மெஷினான்னே தெரியலம்மா."

"மெஷினாம்! கைக்கெட்டுற மரத்த விட்டுட்டுப் போறா பாரு. அது அடுத்தவ நெர. தொட்டா மயிரப் புடிச்சிற மாட்டா?"

இயந்திரம் கிட்ட இருக்கும் மரத்தைத்தான் வெட்டும். மற்ற ஆட்டக்காரர்களும் அப்படித்தான். தேயிலை மலையில் கொழுந்தெடுக்க ஆளுக்கொரு நிரை; அதுபோலப் பனிப்பூவும் ஒரு நிரையைப் பிடித்தால் கடைசி மரம்வரை அதிலேயே போனது. ஆளில்லாத காட்டில் பக்கத்து நிரையை யாருக்கோ விட்டுவைத்தது.

"சம்பளம் யாரு குடுக்குறா அவளுக்கு?"

"யாருமில்ல. வெளையாட்டும்மா."

"நல்லா வெளையாடுனா போ," என்று அம்மா அடுப்படிக்குப் போனாள்.

தயாபரன் அந்தக் காட்சியை அனுப்பி, விளக்கினான். நளீரா சிரித்துவிட்டாள்.

"நானும் தேயிலை மலைக்கு நடுவுல, பதுளையிலதான் பொறந்து வளந்தேன். இது தெரியாமப் போச்சே. சரி, மனுசிதான். அழிக்க வேணாம்."

"தேங்க்ஸ், மிஸ்."

"ஆனா ஆயிரம் பத்தாது. இவங்க மாதிரி நாலு பேர் வந்தா கோட்டை நெறஞ்சிரும். ஐயாயிரமாக்குங்க."

"இவங்களுக்குமா?"

"எல்லாருக்கும்தான், தயா."

அவன் எண்ணை மாற்றினான்.

அன்று மாலைக்குள் கோட்டை வாசலைத் தொட்டிருக்க வேண்டிய பனிப்பூ, மறுநாள் காலையிலும் காட்டில்தான் நின்றது. ஒரு நிரை முடிந்திருந்தது. அடுத்ததன் முதல் மரத்தடிக்குப் போய்க் கோடரியை ஓங்கியது.