சொல்லி வைத்த மிஷின்கள்

பழைய வீடியோ கேம் மிஷின்களை வாங்கி, சரிபண்ணி, விற்பதுதான் என் வீட்டுக்காரரின் தொழில். வாங்குவது நடக்கிறது. சரிபண்ணுவதும் நடக்கிறது, அதில் ஒரு குறை சொல்ல மாட்டேன். செத்துப்போன திரையைக்கூட நோண்டி நோண்டி உயிர் வரவைத்துவிடுவார். விற்பதுதான் நடக்கவே மாட்டேன் என்கிறது.

ஆள் வராமல் இல்லை. வந்துகொண்டே இருக்கிறார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காலிங்பெல் ஓயாது. பெல் அடித்தவர் உள்ளே வருவார், மிஷினைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிடும். "சின்ன வயசுல இதுக்காக நான் வாங்காத அடி இல்லைங்க" என்பார். "ஒரே ஒரு ஆட்டம், டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கறேன்" என்பார். டெஸ்ட் இரண்டு மணி நேரம் ஓடும். நடுவில் நான் டீ வைக்க வேண்டும். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "கண்டிப்பா எடுத்துக்கறேன், யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த ஞாயிறு மறுபடி டெஸ்ட். ஏங்க, டாக்டரே இத்தனை டெஸ்ட் எழுத மாட்டாரே!

அதிலும் வகை வகையாக இருக்கிறார்கள். ஒருவர் எப்போதும் அளவு டேப்போடுதான் வருவார். மிஷினின் அகலம், உயரம், ஆழம் எல்லாம் எடுப்பார். போன வாரம் அளந்த மிஷினைத்தான் இந்த வாரமும் அளப்பார், மிஷின் என்ன, வளர்கிற பிள்ளையா? இன்னொருவர் பல் டாக்டர். புது வீடு கட்டுகிறார், அதில் மிஷினுக்கென்றே தனி ரூம், வரைபடம் ஃபோனில் இருக்கிறது, எனக்கே நாலு தடவை காட்டியிருக்கிறார். அப்புறம் அந்தச் சுருட்டைமுடி இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் இருக்கிறவர்களிடம் எல்லாம் ஒரே பேச்சில் கையெழுத்து வாங்கிவிடுகிற மனுஷன், தன் விஷயம் என்று வந்தால் மட்டும் "யோசிக்கணும் மேடம்" என்பார்.

சாதாரண நாளாக இருந்தால் நான் இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் என் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

வேலை செய்யும் இடத்தில் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்து, உள்ளே பிளேட் வைத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குப் படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் இருப்பதோ மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. எனக்கு அவள், அவளுக்கு நான், எங்களுக்கு வேறு யாரும் இல்லை. எங்கள் வீட்டில் நாங்கள் படுப்பது மாடியில். கீழே சமையலறையும், குளியலறையும், அதை ஒட்டி முன்னால் ஒரு பெரிய ரூமும். அந்த ரூமில்தான் ஏழு மிஷின்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன.

"நீ கவலைப்படாத, முன்ரூம் உனக்குத்தான்" என்று முதல் வாரமே அவளிடம் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு தடவை பார்க்கப் போகும்போதும், "ரெண்டு பேர் பேசிட்டுப் போயிருக்காங்க, இந்த வாரம் காலியாயிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். திங்கள்கிழமை டிஸ்சார்ஜ் என்று ஆனது. ஞாயிறு மதியம்வரை ஒரு மிஷின்கூட நகரவில்லை.

அன்றைக்கும் சுருட்டைமுடி காலையிலேயே வந்துவிட்டார். விண்கல்லைச் சுடுகிற மிஷின் முன்னால் நின்றுகொண்டு 'டுமீல் டுமீல்' என்று சுட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மண்டைக்குள் யாரோ சுடுவதுபோல இருந்தது.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். நல்ல ஆகிருதி, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. நெடுஞ்சாலையில் லாரி டிரைவர்கள் ராத்தங்குகிற விடுதி நடத்துகிறாராம். உள்ளே வந்தவர் எந்த மிஷினையும் தடவவில்லை. சின்ன வயசுக் கதை எதுவும் சொல்லவில்லை. ஒரு ஆட்டம் ஆடிப்பார்க்கிறேன் என்று கேட்கவே இல்லை. ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து பார்த்தார்.

"எல்லாம் ஓடுதா?"

"ஓடுதுங்க," என்றேன்.

"கெட்டுப்போனா யாரு வந்து பார்ப்பாங்க?"

"இவரே வந்து பார்ப்பாரு."

"சரி. ஏழையும் எடுத்துக்கறேன். வண்டி வெளிய நிக்குது, ரெண்டு ஆள் இருக்காங்க."

எனக்கு அந்த அம்மாவின் காலில் விழலாம்போல இருந்தது. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கையில் இருந்த துணியால் ஒரு மிஷினின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எல்லாம் சொல்லியாச்சு."

"என்னது சொல்லியாச்சு?" என்று கேட்டது அந்த அம்மா இல்லை, நான்.

"ஒவ்வொண்ணும் ஒருத்தருக்குன்னு சொல்லியாச்சு. அது டேப்புக்காரருக்கு. இது டாக்டருக்கு. இந்த ரெண்டும் வாத்தியாரா இருக்காங்களே, அந்த அண்ணன் தம்பிக்கு. யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. நானும் சரின்னு சொல்லிட்டேன்."

"முன்பணம் ஏதாவது குடுத்தாங்களா?"

"அதெல்லாம் இல்லை. வாக்குதான்."

"இதுக்கு முன்னாடியும் இப்படி யாராவது நிஜமா வாங்க வந்தாங்களா?" என்று கேட்டேன். அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். இல்லாத அழுக்கை எவ்வளவு நேரம்தான் துடைப்பது?

"சொல்லுங்க!"

"ஃபோன்ல ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்."

போயிடுச்சாம்! எங்கே போனது? என் தங்கை படுக்க வேண்டிய இடத்தில் குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருக்கிறது. இத்தனை நாளாக அந்த வெட்டிக் கூட்டத்தை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேனே, வீட்டுக்குள்ளேயே ஒருவர் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆடுகிறவர்களின் ஆசையெல்லாம் இவருக்குத் தெரிகிறது. தங்கச்சி என்று ஒருத்தி இருப்பது மட்டும் தெரியவில்லை.

லாரி விடுதி அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டிரைவர் இன்னும் சாப்பிடலை. முக்குக் கடைக்குப் போயிட்டு வர்றோம். அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஃபோனைப் போடுங்க," என்றேன். "ஒவ்வொருத்தருக்கா போடுங்க. இன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போகட்டும், இல்லன்னா வேண்டாம்னு சொல்லட்டும். ஸ்பீக்கர்ல போடுங்க."

டேப்புக்காரர் எடுத்ததுமே அலறினார். "ஐயையோ, குடுத்துடாதீங்க சார்! வாசல் ரெண்டு இன்ச் பத்தலை. நிலையைப் பேர்த்துட்டுப் பெருசா வைக்கலாம்னு இருக்கேன்."

"எப்ப வைப்பீங்க?" என்று நான் கேட்டேன்.

"வீட்டு ஓனர்கிட்ட இன்னும் பேசலைங்க."

வாடகை வீடு! அதில் நிலையைப் பேர்க்கப் போகிறாராம்.

பல் டாக்டர், மேல்தளம் போட்டதும் முதல் வேலையே இதுதான் என்றார். அஸ்திவாரம் எப்போது என்று கேட்டதற்கு, வரைபடத்தில் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது என்றார். வாத்தியார் சகோதரர்களில் அண்ணன் தம்பியைக் கேட்க வேண்டும் என்றார், தம்பி அண்ணனைக் கேட்க வேண்டும் என்றார். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இன்னும் இரண்டு பேர் எடுக்கவே இல்லை. பேசினவர்களில் ஒருத்தராவது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, சரி விட்டுவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் தவறாமல், "கண்டிப்பா" என்று மட்டும் சொன்னார்கள்.

"நீங்க?" என்று சுருட்டைமுடியைப் பார்த்துத் திரும்பினேன்.

"ஒரு நிமிஷம் மேடம், இந்த ஸ்டேஜ் முடிஞ்சிடட்டும்," என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் தலையிலேயே எதையாவது போட்டிருப்பேன். நல்லவேளை, என் ஃபோன் அடித்தது. அந்த டுமீல் சத்தத்தில் காது கேட்காது என்று வாசலுக்கு வந்து ஸ்பீக்கரில் போட்டேன். தங்கை.

"அக்கா, காலைல பத்து மணிக்கு விட்டுடுவாங்களாம்."

"சரிம்மா. நாங்க வந்துடறோம்," என்றேன். "ரூம் இப்பதான் ரெடி ஆயிட்டு இருக்கு. ஒரு பார்ட்டி வந்திருக்காங்க, கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான். கண்டிப்பா..."

"அக்கா," என்று நிறுத்தினாள். "நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிட்டேன்."

"என்ன ஏற்பாடு?"

"கம்பெனியில பேக்கிங்ல என்கூட வேலை பாக்கறாளே, அவ வீட்டுக்குப் போறேன். கீழ்வீடுதான். முந்தாநாள் அவளும் அவ புருஷனும் கட்டிலை எனக்காக ஹால்ல எடுத்துப் போட்டுட்டாங்க. போட்டதுக்கப்புறம்தான் வந்து சொன்னா."

"ஏன்டி, நான் இருக்கும்போது..."

"கோபம் இல்லக்கா. நிஜமா இல்ல. உனக்கும் கஷ்டம், மாமாவுக்கும் கஷ்டம். அதான்."

கோபப்பட்டுத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு அதுதான் வரும். அவள் சமாதானமாகப் பேசினாள். டேப்புக்காரரிடம் நான் கேட்ட அதே இழுப்பும் அதே சால்ஜாப்பும் என் வாயிலிருந்து வாராவாரம் போயிருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடந்து அவள் அதை எல்லாம் கேட்டிருக்கிறாள். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நேராக உள்ளே போனார், குனிந்தார், சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயோ! கடைசி ஸ்டேஜ் சார்!" என்று சுருட்டைமுடி கத்தினார்.

"வித்தாச்சு," என்றார் இவர்.

"எனக்குத்தானே வச்சிருக்கேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். என் தப்புதான். மிஷினை இந்தப் பக்கம் புடிங்க."

அந்த மனுஷனும் பாவம், பிடித்தார். லாரி விடுதி அம்மா திரும்பி வந்தபோது இரண்டு மிஷின்கள் வாசலில் நின்றன. மீதி ஐந்தும் அரை மணி நேரத்தில் வண்டி ஏறிவிட்டன. வண்டி கிளம்பும்போது சுருட்டைமுடி ஓடிப்போய் அந்த அம்மாவிடம் விடுதி எந்தப் பக்கம் என்று கேட்டார். அங்கே வந்து பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் வாங்கிக்கொள்வாராம். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் ரூமைப் பெருக்கினோம், துடைத்தோம். மிஷின் நின்ற இடமெல்லாம் தரையில் கட்டம் கட்டமாகக் கறை. அவர் முட்டிபோட்டு உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து அதையும் எடுத்தார். மாடியிலிருந்து எங்கள் கட்டிலையே கழற்றிக் கீழே இறக்கி மாட்டினோம். குளியலறைக்குப் போகிற வழியில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடித்தார். வேலை செய்கையில் நான் அவரைத் திட்டவில்லை, திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? படுக்கையை விரித்து முடித்ததும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். தங்கை வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து வந்தாள். பக்கத்தில் அந்தப் பேக்கிங் தோழி, பையும் மருந்தும் அவள் கையில். நான் ஓடிப்போய் ஃபோனைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாரு. காலி. நிஜமாவே காலி. மாமா கம்பிகூட அடிச்சிருக்காரு, பாரு."

அவள் நின்று, வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தாள். கம்பியை, கட்டிலை, ஜன்னலைப் பார்த்தாள். கண் கலங்கியது, ஆனாலும் சிரித்தாள்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

"அப்ப வா. வண்டியில ஏறு."

அவள் தோழியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தர்மசங்கடமாக, "பரவாயில்ல, நீ அக்கா வீட்டுக்கே போ" என்றாள்.

"இல்ல. வர்றேன்னு உனக்குச் சொல்லிட்டேன்," என்றாள் என் தங்கை. பிறகு ஃபோனை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள். "ரூமை எனக்காக வச்சிருக்காதக்கா. வேணும்னு யாராவது வந்தா குடுத்துடு."

என் வீட்டுக்காரர் வாக்கரை மடித்து அவர்கள் காரின் பின்னால் வைத்தார். அவளை முன் இருக்கையில் பார்த்துப் பார்த்து உட்காரவைத்தார். கார் கிளம்பிப் போனது. "வா, போலாம்" என்று அவர் என் தோளைத் தொட்டார். நான் ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்கப் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன்.